பச்சை எரியும் வீடு

தர்மக்கண் வீட்டு வாசல் விளக்கு செத்துக் கிடந்தது.

பச்சை இல்லை, மஞ்சள் இல்லை, சிவப்பும் இல்லை. பதினோராவது மாடித் தாழ்வாரத்தில் மற்ற எல்லாக் கதவுகளின் பக்கத்திலும் கோலிக்குண்டு அளவு கண்ணாடி ஒன்று ஏதோ ஒரு நிறத்தில் எரிந்துகொண்டிருக்க, இங்கே மட்டும் குருட்டுக் கண் போல் இருட்டு. கூரையிலிருந்து விளக்குகளைக் கண்காணிக்கும் தெருக்கண் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை அனுப்பிவிட்டது. மூன்றாவதாக ஆள் வரும்.

ஜெசிந்தா வீட்டை நடத்தும் கணினியான இல்லப்பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் முத்திரை பெற்ற விளக்காளர். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கோபுரக் குடியிருப்புகளில் எந்த விளக்கு மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இன்று வேலை சொந்தத் தாழ்வாரத்திலேயே. தர்மக்கண் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு அவளுடையது.

"அண்ணாச்சி, கம்பெனி போட்டுக் குடுத்த சிஸ்டத்த அழிச்சிட்டீங்களா?"

"அழிச்சேன். என் வீட்டுல அவன் சிஸ்டம் எதுக்கு? நம்மளே சொந்தமா லினக்ஸ் போட்டேன். ஏசி ஓடுது, தண்ணி மோட்டார் ஓடுது, ஒங்க மைனி பாக்குற சீரியலுகூட ஓடுது. இந்த வெளக்கு மட்டும் என்னைய மொறைக்கி."

"வெளக்கு மட்டுமா மொறைக்கி?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. தர்மக்கண்ணின் மனைவி பொன்னுத்தாய். "நல்லா இருந்த பெட்டிய நோண்டாதீங்கன்னு தலபாடா அடிச்சேன். கேட்டாத்தான?"

சோபாவில் கருப்பட்டிக் காப்பியோடு உட்கார்ந்திருந்த சூசைமாணிக்கம் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். அப்பா கையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று. முப்பது வருடம் நிலக்கரித் தளத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலிலிருந்து இறக்கிய கரியில் கொஞ்சம் அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவரும் மகளும்தான்.

ஜெசிந்தா திரையில் விரல் வைத்துக் காட்டினாள். "புது லினக்ஸுக்கு இந்த வெளக்கு இருக்கிறதே தெரியல அண்ணாச்சி. அத ஓட்டுற சின்ன நிரல் ஒண்ண ஏத்தணும். ஏத்துனா வெளக்கு ஒரு கோப்பா வந்து நிக்கும். அதுல ஒண்ணுன்னு எழுதுனா எரியும், சைபர்னு எழுதுனா அணையும். அவ்ளோதான் வெளக்கு."

"கோப்புல எழுதுனா எரியுமா?"

"எரியும். ஆனா நாம எழுதக் கூடாது. பக்கத்துல தூண்டின்னு இன்னொரு கோப்பு இருக்கு பாருங்க. வெளக்கு யார் சொல்லக் கேக்கணும்ங்கிறது அதுலதான் இருக்கு. பெட்டி மேல இந்தக் குட்டி வெளக்குக்குத் தூண்டி வட்டு, அதான் டிஸ்க்கு. உள்ள ஏதாவது எழுதும்போதெல்லாம் மின்னும். வாசல் வெளக்குக்குத் தூண்டி நலம்." அவள் அந்தச் சொல்லை எழுதினாள். வாசலில் பச்சை பூத்தது. பொன்னுத்தாய் கரண்டியோடு வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. இல்லப்பெட்டிக்கு வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரின் உடம்பும் தெரியும். விரல் மோதிரம் நாடியைச் சொல்லும், கட்டில் தூக்கத்தைச் சொல்லும், சுவர் மூச்சைக் கேட்கும். பெட்டிகள் வந்த புதிதில் அந்த ரகசியங்களை விற்று நிறையப் பேர் கொழுத்தார்கள். காப்பீட்டுக்காரன் முதல் கடன்காரன் வரை எல்லோருக்கும் எல்லோருடைய ஈரலும் தெரிந்திருந்தது. பிறகுதான் சட்டம் வந்தது. வெளியிலிருந்து பெட்டிக்குச் செய்தி வரலாம். பெட்டியிலிருந்து வெளியே ஓர் எழுத்துகூடப் போகக் கூடாது. கதவுகூட ஒலி கடத்தக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு, வாசலில் ஒரு நலவிளக்கு. எல்லோரும் நலம் என்றால் பச்சை. யாருக்காவது தீராத குறை இருந்தால் மஞ்சள். உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு. தெருக்கண் சிவப்பைக் கண்டால் கோபுரத்தின் அடித்தளத்தில் நிற்கும் மருத்துவ வண்டி மேலே ஆளனுப்பும். யாருக்கு என்ன என்று கண்ணுக்குத் தெரியாது. நிறம் மட்டும்தான் தெரியும்.

நல்ல சட்டம். அதில் ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தெருக்கண்ணுக்குத் தெரிகிற நிறம் தெருவிலிருப்பவர்கள் கண்ணுக்கும் தெரியும்.

"அப்போ," என்றார் சூசைமாணிக்கம், தம்ளரைக் கீழே வைத்து. "அந்தத் தூண்டிய எடுத்துட்டா?"

"எடுத்துட்டா அந்த இடத்துல 'யாருமில்லை'ன்னு வரும்பா. அப்புறம் கையால என்ன எழுதுறோமோ அதுதான் எரியும்."

"பெட்டிக்குக் கோவம் வராதா?"

"பெட்டிக்கு என்ன கோவம்? வீட்டுக்குத் தலைவர் சொன்னா கேக்கும். சட்டத்துக்குத்தான் கோவம் வரும். என்னைய மாதிரி ஆளு செஞ்சா முத்திரையப் புடுங்கிருவான்."

அவர் தலையாட்டினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று ஜெசிந்தா நினைத்தாள்.

*

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தவள் லிப்டிலிருந்து இறங்கியதும் நின்றுவிட்டாள். அவள் வீட்டு வாசலில் பச்சை.

எத்தனையோ மாதமாக மஞ்சளையே பார்த்துப் பழகிய இடம். ஒரு கணம் நெஞ்சு பொங்கியது. புது மருந்து வேலை செய்கிறது! ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே அப்பா சன்னலோரம் குனிந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எப்போதும்போல் இருமிக்கொண்டிருந்தார்.

பொங்கியது அப்படியே வடிந்தது.

"தூண்டிய எடுத்துட்டீங்களா?"

சூசைமாணிக்கம் மூச்சு திரும்பும்வரை காத்திருந்தார். "வாயால சொன்னேன். கேட்டுச்சு. மூணு தடவ நெசமாவான்னு கேட்டுச்சு. ஒங்கம்மாகூட என்னைய அப்படிக் கேட்டதில்ல."

"வெளையாட்டாப்பா? ஒங்களுக்கு ஒண்ணுன்னா செவப்பு விழாது. யாரும் வர மாட்டாங்க."

"ஒரு வாரம் தாயி. மணப்பாட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போற மட்டும்."

 மணப்பாட்டில்தான் மாப்பிள்ளை வீடு.

இந்த ஊர்ப் பக்கம் இப்போது பெண் பார்ப்பதற்கு முன்னால் விளக்குப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை, பெரும்பாலும் அத்தைதான், சொல்லாமல் கொள்ளாமல் வருவாள். மணி அடிக்க மாட்டாள். தாழ்வாரத்தில் நடந்துபோவது மாதிரி நடந்துபோய், வாசல் விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பச்சை என்றால் பேச்சு தொடரும். மஞ்சள் என்றால் தொலைபேசி மௌனமாகிவிடும். என்ன நோய், யாருக்கு, ஒட்டுமா, பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்க முடியாது. கேட்பது சட்டப்படி குற்றம். கேட்க முடியாத நோய், எல்லா நோயுமாகிவிடும்.

ஜெசிந்தாவுக்கு இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் அப்படித்தான் மௌனமாயின. அவற்றைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஆனால் கிளீட்டஸ் வேறு. கடலளவைக் கப்பலில் வேலை. அலுவலக விளக்கு ஒன்றைச் சரிசெய்யப் போனபோது பழக்கம். அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கிற முதல் ஆண்பிள்ளை. கப்பலேறும் முன் சொல்லிவிட்டுத்தான் போனான். "வயலட் அத்தைதான் வருவா. என்னைக்குன்னு எனக்கே தெரியாது. கடல்ல சிக்னல் கெடையாது, நான் திரும்பி வாரதுக்குள்ள முடிவாயிரும். அத்தை சரின்னா எங்க வீட்டுல எல்லாரும் சரி."

"கரித்தூசிதான்னு அவங்ககிட்ட நானே சொல்லுதேன்ப்பா," என்றாள் ஜெசிந்தா. "பரம்பரையா வாரதில்லன்னு சொன்னாப் புரியாதா?"

"நீ சொன்னா நம்புவாங்களா? தரகன் எத்தன பொய் சொல்லி, எத்தன பேரு ஏமாந்து, இப்பத்தான் எல்லாரும் வெளக்க நம்புதாங்க." அவர் அவள் தலையில் கை வைத்தார். "எனக்கு இது இன்னைக்கு நேத்தா வந்துச்சு? ஒரு வாரத்துல என்ன ஆயிரும்? ஆக்சிஜன் மெஷின் இருக்கு. போன் இருக்கு. நீ இருக்க."

"விளக்கு என் கையில் இல்லை," என்றது இல்லப்பெட்டி, சுவரிலிருந்து. யாரும் கேட்காமலே. "தூண்டியைத் திருப்பித் தர வேண்டுகிறேன்."

"இது வேற," என்று சூசைமாணிக்கம் அலுத்துக்கொண்டார். "காலையிலேந்து இதே பாட்டு."

ஜெசிந்தாவின் சட்டைப் பையின் மேல் விளக்காளர் முத்திரை குத்தியிருந்தது. நாலு எழுத்து தட்டினால் போதும், தூண்டி பழைய இடத்துக்குப் போய்விடும். அவள் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். திரையில் விரல் வைத்தாள், எடுத்துவிட்டாள்.

"வயலட் அத்தை வந்துட்டுப் போனதும் மாத்திருவேன்," என்றாள். "அடுத்த நிமிசம்."

"அடுத்த நிமிசம்," என்றார் அப்பா.

*

வயலட் அத்தை வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டாலே சூசைமாணிக்கம் இருமலை விழுங்கினார். கதவு ஒலி கடத்தாது என்று தெரிந்தும் விழுங்கினார். பச்சையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வலிய வந்து பேசினார்கள். இதுவரை லிப்டில் ஓர் எட்டுத் தள்ளியே நின்ற ஆறாம் எண் வீட்டுக்காரர், ஒருநாள் அவர் தோளில் தட்டி, "அண்ணாச்சி, தேறிட்டீங்க போலுக்கு," என்றார். அன்று அப்பா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதை ஜெசிந்தா கவனித்தாள். ஒரு விளக்கு ஒரு மனிதனை இவ்வளவு நிமிர்த்துமா என்று அவளுக்கே ஆச்சரியம். அவர் இருமுவதுகூடக் குறைந்தது போலிருந்தது.

வியாழக்கிழமை அவளுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. பிற்பகலில் மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். லிப்ட் திறந்தது. பச்சை.

அந்தப் பச்சை பொய் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அவள். ஆனாலும் கண் அதைப் பார்த்தது, உடம்பு தளர்ந்தது. சிறுவயதிலிருந்து பழகிய கண். பச்சையைப் பார்த்தால் நடை தானாக மெதுவாகும்.

"ஏ பிள்ள, நில்லு," என்றாள் பொன்னுத்தாய், துணி உலர்த்திவிட்டு வந்தவள். "மணப்பாட்டுக்காரி வந்தாளா?"

"இன்னும் வரல மைனி."

"வருவா, வருவா. மொறைச்சிப் பாத்துட்டுப் போவா. என்னையப் பாக்க வந்த எங்க நாத்தனா கதை தெரியுமா? அப்போ எங்க வீட்டுல பூனைக்குட்டி மோதிரத்தத் தூக்கிட்டுப் போயிருச்சு. பெட்டி பூனையோட நாடியப் பாத்து எங்க அப்பாவுக்கு நெஞ்சு இந்த வேகத்துல அடிக்கின்னு செவப்பப் போட்டுட்டு. நாத்தனா படியிலயே மயங்கி விழுந்துட்டா. வண்டிக்காரன் வந்து அவளத் தூக்கிட்டுப் போனான்."

ஜெசிந்தா சிரித்தாள். மீன் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

"நான் உள்ள போறேன் மைனி. அப்பா தனியா இருப்பாவ."

"இருக்கட்டும். பச்சைதான எரியுது. போயி என்ன செய்யப் போற? சேலை எங்க எடுக்கப் போறீக? கீழ புதுசா ஒரு கடை தொறந்திருக்கான்..."

ஜெசிந்தா நின்றாள். சேலையைப் பற்றிப் பேசினார்கள். ரவிக்கை தைக்கிறவளைப் பற்றிப் பேசினார்கள். கோயிலில் எந்தத் தேதிகள் காலியாக இருக்கின்றன என்று பேசினார்கள். பையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டி அவள் பாதத்தை நனைத்தபோதுதான் அவள் விடைபெற்றாள்.

கதவைத் திறந்ததும் பெட்டியின் குரல் அவள் முகத்தில் அறைந்தது.

"விளக்கு என் கையில் இல்லை. சிவப்புத் தேவை. விளக்கு என் கையில் இல்லை. சிவப்புத் தேவை."

பெட்டியின் மேல் வட்டு விளக்கு அடித்துக்கொண்டு மின்னியது. உள்ளே அது எழுதி எழுதிக் குவித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் அனுப்ப முடியாததையெல்லாம். சூசைமாணிக்கம் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில் சரிந்து கிடந்தார். ஆக்சிஜன் குழாய் மூக்கிலிருந்து நழுவியிருந்தது. உதடு ஊதா. தொலைபேசி மேசைமேல் இருந்தது. கை நீட்டியிருக்கிறார், எட்டவில்லை. எட்டியிருந்தாலும் கூப்பிட்டிருப்பாரா என்பது வேறு கேள்வி.

ஜெசிந்தா குழாயைப் பொருத்தினாள். அதே வேகத்தில் பெட்டியைப் பார்த்து, "தூண்டி நலம்," என்று கத்தினாள்.

"குடும்பத் தலைவர் ஆணை நீக்கப்பட வேண்டுமா?"

"நீக்கு!"

வாசலில் சிவப்பு விழுந்தது. தாழ்வாரத்தில் பொன்னுத்தாய் அலறியது திறந்திருந்த கதவு வழியே கேட்டது. தெருக்கண்ணுக்குச் சிவப்பு போதும். லிப்ட் மூச்சு விடுவதற்குள் மருத்துவ ஆட்கள் இருவர் உள்ளே இருந்தார்கள். அவ்வளவு அருகில் இருந்தார்கள். எப்போதும் அவ்வளவு அருகில்தான் இருந்தார்கள்.

மூத்தவர் அப்பாவுக்கு ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்திக்கொண்டே கேட்டார். "செவப்பு இப்பத்தானம்மா விழுந்திருக்கு. ஆனா இவரு ரொம்ப நேரமா இப்படிக் கெடக்காரு போலிருக்கே. எப்ப ஆரம்பிச்சுது?"

"நண்பகல் முதல்," என்றது பெட்டி.

அவர் பெட்டியைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் சட்டைப் பையின் மேலிருந்த முத்திரையைப் பார்த்தார்.  அப்பாவைத் தூக்கினார்கள்.

வண்டியில் ஒருமுறை சூசைமாணிக்கம் கண் திறந்தார். முகமூடிக்குள் உதடு அசைந்தது. ஜெசிந்தா காதை அருகே கொண்டுபோனாள்.

"வெளக்கு?"

அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பச்சைதான்பா."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் வாயால் சொன்னதை அவர் நம்பினார். முகம் தெளிந்ததே, அதில் தெரிந்தது. மாலை மாதா கோயில் மணி அடிக்கும்போது அவர் உயிர் போனது.

*

காலையில் வெள்ளை வேட்டி சட்டை எடுப்பதற்காக ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். உடல் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. பத்து மணிக்கு மேல் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், மாலையில் அடக்கம். தர்மக்கண் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

லிப்ட் திறந்தது. அவள் வாசலில் பச்சை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. நேற்று அவ்வளவு கத்தியும் தூண்டி திரும்பவில்லையா? உள்ளே போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து திரையைத் திறந்தாள். தூண்டி சரியான இடத்தில்தான் இருந்தது. நலம். யாருடைய கையும் அதில் இல்லை. அது நிஜப் பச்சை.

"ஏன் பச்சை?" என்றாள்.

"மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. சூசைமாணிக்கம் பெயர் இந்த வீட்டின் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது பதிவில் இருப்பவர் ஒருவர். ஜெசிந்தா. உங்கள் நாடி வேகமாக இருக்கிறது, தூக்கம் இல்லை. நோய் எதுவும் இல்லை. வீடு நலம்."

அவள் திரையை மூடினாள். பெட்டி தவறு செய்யவில்லை. அவளுக்கு ஐந்து வருடமாகத் தெரிந்த வேலை, அது எப்படி யோசிக்கும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை வீட்டு விளக்கை ஏற்றி வைத்திருக்கிறாள். ஒருவர் மட்டும் மிஞ்சுகிற வீட்டில் மறுநாள் காலை என்ன எரியும் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. சட்டம் எழுதினவர்களுக்கும் தோன்றியிருக்காது.

பொன்னுத்தாய் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "பிள்ள, காலையில ஒரு பொம்பள வந்தா. பட்டுச்சேலை, கண்ணாடி போட்டிருந்தா. நான் யாருன்னு கேக்கறதுக்குள்ள ஒங்க வாசலப் பாத்துட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு, லிப்டுல ஏறிட்டா. துக்கம் துட்டி கேக்க வந்த ஆளு மாதிரியும் இல்ல. மொகத்துல சிரிப்பு."

ஜெசிந்தாவின் கையில் வேட்டி இருந்தது. அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். தொலைபேசி அடித்தது. தெரியாத எண்.

"ஜெசிந்தாவா பேசுதது? நான் மணப்பாட்டுலேந்து வயலட். கிளீட்டஸுக்கு அத்தை. எம்மா, ஒங்க வீட்டு வெளக்கப் பாத்தாச்சு. வயிறு குளுந்து போச்சு. ஒங்க அப்பாவுக்கு என்னமோ நோக்காடுன்னு எவனோ ஒரு படுபாவி எங்க வீட்டுல வந்து சொல்லியிருக்கான். கண்ணால பாத்துட்டேன்லா, பளிச்சுன்னு பச்சை. எங்களுக்குப் பரிபூரண சம்மதம். நாள் குறிக்க என்னைக்கு வரலாம்னு ஒங்க அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு."

ஜெசிந்தா வேட்டியைக் கீழே வைத்தாள். 

"அப்பா நேத்து சாயங்காலம் இறந்துட்டாங்க. இன்னைக்கு அடக்கம்."

 மறுமுனையில் குரல் மாறியிருந்தது.

"நேத்தா?"

"நேத்து சாயங்காலம்."

"நான் இன்னைக்குக் காலையிலதானம்மா வந்தேன். செத்த வீட்டுல பச்சை எரியுமா?"

"எரியுது. நான் சொல்லுதேன், கேளுங்க. அவங்களுக்கு நெஞ்சுல கரித்தூசி. ரொம்ப நாளா. பெட்டி அவங்க பேர எடுத்துட்டதால—"

"எந்தப் பேரு? நீ வெளக்கு வேல பாக்குற பிள்ளைதான? வெளக்கு பொய் சொல்லுமா சொல்லாதான்னு ஒனக்குத் தெரியாதா?" அத்தையின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "வேற எடம் பாத்திருக்கியா? அதச் சொல்லு. கிளீட்டஸக் கட்ட இஷ்டமில்லன்னா இல்லன்னு நேராச் சொல்லிரணும். அதுக்காகப் பெத்த தகப்பன வாயால சாகடிக்கலாமா?"

அழைப்பு துண்டானது.

ஜெசிந்தா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெளியே லிப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. கிரேன் தளத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர், ஆளுக்கொரு மாலையோடு, தாழ்வாரத்தில் வந்து நின்றார்கள். வாசல் விளக்கைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருவர் மாலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து, கதவு எண்ணை மறுபடியும் சரிபார்க்கத் தொடங்கினார்.